கரை ஒதுங்கியது திமிங்கிலமா, ஓங்கிலா, கடற்பன்றியா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழகக் கடற்கரையில் ஓங்கில் எனப்படும் டால்பின்களும், போர்பாய்ஸ் எனப்படும் கடற்பன்றிகளும், அவ்வப்போது பெரிய திமிங்கிலங்களும் இறந்து ஒதுங்குகின்றன. மறுநாள் நாளிதழில் ‘இராட்சத மீன் கரை ஒதுங்கியது’ என்று நான்கு வரி வரும். அதற்குள் ஜேசிபி வந்து குழி தோண்டிப் புதைத்திருப்பார்கள். எந்த இனம், ஆணா பெண்ணா, எத்தனை மீட்டர் நீளம் என்பதெல்லாம் அந்தக் குழியோடு போய்விடும். நம் கடலில் எந்தெந்த இனம் வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும் வாய்ப்புகளே குறைவு. அதில் ஒன்று இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எந்த அலுவலகத்துக்கு முதலில் சொல்வது, எதைத் தொடலாம், எந்தப் படம் எடுத்தால் ஆய்வாளர் இனத்தை உறுதி செய்வார் என்பதை எல்லாம் நான் பலரிடம் அலைந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ‘அது எங்கள் வேலை இல்லை, அங்கே கேளுங்கள்’ என்ற பதிலைப் பல மேசைகளில் கேட்டாயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கடலோரத்தில் குடியிருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், தன்னார்வலர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். உயிரியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

1. கடற்கரைக்குப் போவதற்கு முன்பே கிளைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு மாலை போதும், செலவும் இல்லை. இது மனத்தில் இருந்தால்தான் கரையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது என்று புரியும்.

திமிங்கிலம், ஓங்கில், கடற்பன்றி ஆகிய மூன்றும் ஒரே தொகுதி. உலகில் மொத்தம் 90-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இவற்றின் மிக நெருங்கிய உறவு நீர்யானை. அதனால் இப்போது மாடு, மான், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளின் வரிசைக்குள்ளேயே இவற்றைச் சேர்த்துவிட்டார்கள். படிவத்தில் ‘வரிசை’ என்ற கட்டம் வந்தால் சிலர் பழைய வழக்கப்படி ‘சீட்டேசியா’ என்பார்கள், சிலர் ‘ஆர்ட்டியோடாக்டைலா’ என்பார்கள். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இனப்பெயர் சரியாக இருந்தால் மற்றதை ஆய்வாளர் பார்த்துக்கொள்வார்.

இந்தத் தொகுதி இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. வாயில் பல்லே இல்லாமல், மேல்தாடையிலிருந்து சீப்பு வரிசைபோல் சல்லடைத் தகடுகள் தொங்குபவை ஒரு கிளை. நீலத் திமிங்கிலம், பிரைடு திமிங்கிலம், கூனல் திமிங்கிலம் எல்லாம் இதில் வரும். மொத்தமே சுமார் 15 இனங்கள்தான். மற்ற அத்தனையும் பல் உள்ளவை. எண்ணெய்த் திமிங்கிலம், அதன் குள்ள உறவினர்கள், அலகுத் திமிங்கிலங்கள், கடல் ஓங்கில்கள், ஆற்று ஓங்கில்கள், கடற்பன்றிகள் என்று இந்தக் கிளை பல குடும்பங்களாக விரியும்.

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது. பெயரில் ‘திமிங்கிலம்’ என்று இருப்பதால் அது ஓங்கில் குடும்பம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே மணப்பாடு, கல்லாமொழி கரைகளில் ஏறத்தாழ 80 திமிங்கிலங்கள் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். அவை குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலங்கள். வகைப்பாட்டில் அவை கடல் ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொலைகாரத் திமிங்கிலமும் அதே குடும்பம்தான்.

2. பையைத் தயாராக வைத்திருங்கள்

செய்தி வந்த பிறகு கடைக்கு ஓடினால் நேரம் போய்விடும். வீட்டில் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்: 30 மீட்டர் நாடா, 15 செ.மீ. அளவுகோல், ரப்பர் கையுறைகள், நல்ல முகக்கவசம், பென்சில், கெட்டி அட்டை போட்ட நோட்டு, பழைய பருத்தி வேட்டி இரண்டு, கைபேசிக்கு பவர் பேங்க். நாடாவும் கையுறைப் பெட்டியும்தான் சற்று விலை. எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் அடங்கும். பென்சில் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். ஈரத்தில் பேனா எழுத்து கரைந்துவிடும்.

வேட்டி எதற்கு என்பது நான்காம் படியில் வரும்.

3. தகவல் கிடைத்த முதல் ஒரு மணி நேரம்

நம் வெயிலில் உடல் அழுகும் வேகம் மிக அதிகம். காலையில் புதிதாக ஒதுங்கிய ஓங்கில் மறுநாள் மதியத்துக்குள் ஊதி, தோல் உரிந்து நிற்கும். அதோடு, நாற்றம் எடுக்கும் முன் புதைத்துவிட வேண்டும் என்று உள்ளாட்சி நிர்வாகம் அவசரப்படும். அது நியாயமான அவசரம்தான். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே.

முதல் அழைப்பு வனத்துறைக்கு. உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணை இன்றே வாங்கிக் கைபேசியில் சேமித்து வையுங்கள். இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குக் கீழ் உள்ள சரகங்கள் இதைப் பார்க்கின்றன. வனத்துறையைப் பிடிக்க முடியாவிட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐ அழையுங்கள். விலங்கு கடலில் தத்தளிக்கிறது, படகு வேண்டும் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554. கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. ஜேசிபி வரச்சொல்வது பெரும்பாலும் அவர் மூலமாகத்தான் நடக்கும். ‘அளந்து முடிக்கும் வரை ஒரு மணி நேரம் பொறுங்கள் ஐயா’ என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பொதுவாக மறுக்க மாட்டார்கள்.

தொலைபேசியில் நான்கு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: இடம், உயிரோடு இருக்கிறதா, தோராய நீளம், எத்தனை உடல்கள். இனம் என்னவென்று அப்போதே ஊகித்துச் சொல்ல வேண்டாம். முதலில் சொன்ன பெயரே கடைசிவரை காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

4. உயிரோடு இருந்தால்

உயிர் இருக்கும்போது இனம் காண்பது இரண்டாம் பட்சம். கூட்டத்தை விலக்குவதுதான் முதல் வேலை. வயிறு கீழே இருக்குமாறு நேராகக் கிடத்த வேண்டும். பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிப் பள்ளம் செய்தால் அவை மடங்காமல் இருக்கும். வேட்டியைக் கடல்நீரில் நனைத்து உடல்மேல் போர்த்துங்கள். தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளையை மட்டும் மூடவே கூடாது. அதற்குள் தண்ணீரோ மணலோ போகாமல் ஒருவர் கண்ணாக இருந்து காவல் காக்க வேண்டும். அந்தத் துளையிலிருந்து வரும் காற்று உங்கள் முகத்தில் படாமல் ஒதுங்கி நில்லுங்கள், நோய்க்கிருமி தொற்றக்கூடும்.

வாலில் கயிறு கட்டி இழுப்பது கூடவே கூடாது. வால் மூட்டு பிசகினால் அந்த உயிர் அதன்பின் நீந்தாது. கடலில் தள்ளிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் அவசரப்படுவார்கள், நல்லெண்ணத்தில்தான். ஆனால் பைலட் திமிங்கிலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. மணப்பாட்டில் மீனவர்கள் உயிரைக் கொடுத்துத் தள்ளிவிட்டவற்றில் சில திரும்பக் கரைக்கே வந்தன. எப்போது, எப்படி விடுவது என்பதைக் கால்நடை மருத்துவரும் வனத்துறையும் முடிவு செய்யட்டும்.

5. இது அந்தத் தொகுதிதானா என்று உறுதி செய்யுங்கள்

இறந்த உடலைத் தொட்டுப் பார்க்கும் வேலை எதுவும் வனத்துறை ஆள் அனுமதி சொன்ன பிறகுதான், அதுவரை தள்ளி நின்றே பாருங்கள். முதலில் வாலைப் பாருங்கள். வால் இதழ்கள் கிடைமட்டமாக இருந்தால் பாலூட்டி. செங்குத்தாக நின்றால் மீன். திமிங்கிலச் சுறா ஒதுங்கும்போதெல்லாம் ‘திமிங்கிலம்’ என்றே தகவல் வரும். உடல் முழுக்க வெள்ளைப் புள்ளிகளும் செங்குத்தான வாலும் பக்கவாட்டில் செவுள் பிளவுகளும் இருந்தால் அது மீன்.

அடுத்தது ஆவுளியா. பாக் நீரிணை, மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். கடல்பசு என்றும் சொல்லப்படும் இதற்கு வால் ஓங்கிலின் வால் போலவே கிடைமட்டமாக, நடுவில் பிளவோடு இருக்கும். வாலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். முகத்தைப் பாருங்கள். மூக்குத்துளை இரண்டும் முகத்தின் முன் நுனியில் இருக்கும். வாயைச் சுற்றித் தடித்த மீசை முடிகள், கீழ்நோக்கி வளைந்த அகன்ற உதடு, முதுகுத் துடுப்பு கிடையாது. இது வேறு வரிசையைச் சேர்ந்த விலங்கு. வேறு படிவம், வேறு ஆய்வாளர்கள்.

மூன்றாவது குழப்பம் இன்னும் நுட்பமானது. கண்ணுக்குப் பின்னால் செவுள் பிளவு போன்ற வெளிறிய வளைகோடும், சுறாவைப்போல் உள்வாங்கிய சிறிய கீழ்த்தாடையும் உள்ள இரண்டு, மூன்று மீட்டர் விலங்கு ஒதுங்கினால், பார்த்தவர் சுறா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது குள்ள எண்ணெய்த் திமிங்கிலமாக இருக்கலாம். அந்தக் கோடு தோலின் நிறம் மட்டுமே. விரலால் தடவிப் பார்த்தால் பிளவு எதுவும் இருக்காது. வால் கிடைமட்டமாக இருக்கும்.

6. பல்லா, சல்லடைத் தகடா?

வாயைத் திறந்து பார்க்க முடிந்தால் இந்தக் கேள்வி ஒரு நொடியில் தீரும். முடியாதபோது மூச்சுத்துளையைப் பாருங்கள். இரண்டு துளைகள் அடுத்தடுத்து இருந்தால் சல்லடைத் திமிங்கிலம். ஒன்றே ஒன்று என்றால் பல் உள்ள கிளை. தலையின் முன்முனையில், இடப்பக்கம் சாய்ந்து ஒற்றைத் துளை இருந்தால் அது எண்ணெய்த் திமிங்கிலம். உடலில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தலையே இருக்கும், கீழ்த்தாடை ஒடுக்கமாக இருக்கும்.

அழுகிய உடலில் சல்லடைத் தகடுகள் உதிர்ந்து கடலோடு போயிருக்கலாம். ‘பல்லும் இல்லை, தகடும் இல்லை’ என்று குழம்ப வேண்டாம். தொண்டையிலிருந்து வயிறு நோக்கி ஓடும் நீளமான வரிப்பள்ளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தொப்புளைத் தாண்டிப் போகின்றனவா, அதற்கு முன்பே நிற்கின்றனவா என்பதும் முக்கியம். பிரைடு திமிங்கிலத்தில் தொப்புள் வரையோ அதைத் தாண்டியோ போகும். மிங்கி திமிங்கிலத்தில் முன்பே நின்றுவிடும். தலையின் மேல்புறத்தையும் தவறாமல் படம் எடுங்கள். நடு மேட்டுக்கு இருபுறமும் கூடுதலாக ஒவ்வொரு மேடு, ஆக மூன்று நீள மேடுகள் இருந்தால் அது பிரைடு திமிங்கிலம் என்று சொல்ல வலுவான ஆதாரம். ஒற்றை மேடுதான், தலை அகன்று முன்பக்கம் வட்டமாக இருக்கிறது, முதுகுத் துடுப்பு உடம்போடு பார்த்தால் மிகச் சிறியதாக வெகு பின்னால் இருக்கிறது என்றால் நீலத் திமிங்கிலம்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. இறந்து சில நாளான உடலில் மேல்தோல் உரிந்து வெள்ளையாகத் தெரியும். நிறத்தை நம்பி ‘வெள்ளைத் திமிங்கிலம்’ என்று எழுதாதீர்கள். வெள்ளைத் திமிங்கிலம் வடதுருவக் கடல் விலங்கு. அதுபோல வாயுவால் தொண்டைப் பை பெரிதாக ஊதிவிடும், நாக்கு பந்துபோல் வெளியே தள்ளும். உடலின் உண்மையான வடிவம் அது இல்லை. ஊதிய உடலைக் கத்தியால் குத்தவே கூடாது. 2004-ல் தைவானின் தைனான் நகரில் லாரியில் கொண்டுபோன எண்ணெய்த் திமிங்கிலம் நடுத்தெருவில் வெடித்தது.

7. கடற்பன்றியா, ஓங்கிலா?

நம் கரையில் அதிகம் குழம்பும் இடம் இது. பலரும் சிறியதாக எது ஒதுங்கினாலும் ‘ஓங்கில்’ என்றே எழுதிவிடுகிறார்கள்.

கடற்பன்றிக் குடும்பத்தில் உலகம் முழுக்கவே ஏழோ எட்டோ இனங்கள்தான். எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். இந்தியக் கடலில் இருப்பது ஒன்றே ஒன்று: துடுப்பற்ற கடற்பன்றி, நியோபோசினா போசினாய்டிஸ். முழு வளர்ச்சியடைந்தாலும் இரண்டு மீட்டரைத் தாண்டாது. வட்டமான தலை, முன்னே நீண்ட அலகு இல்லை, முதுகில் துடுப்பே இல்லை.

முதுகில் துடுப்பு இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். படகு விசிறியோ வலையோ துடுப்பை அறுத்த ஓங்கிலும் அப்படித்தான் தெரியும். கையுறை போட்ட விரலால் முதுகின் நடுக்கோட்டில் மெதுவாகத் தடவுங்கள். கடற்பன்றியாக இருந்தால் சொரசொரவென்று சின்னஞ்சிறு முண்டுகள் வரிசை வரிசையாக விரலுக்குத் தட்டுப்படும். அந்தப் பட்டையின் அகலத்தை அளந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். நம் பக்கத்து இனத்தில் இந்தப் பட்டை சில சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சீனா, கொரியா, ஜப்பான் கரைகளில் வாழும் நெருங்கிய இனத்தில் இது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே குறுகி இருக்கும். இரண்டையும் பிரிக்க ஆய்வாளர்கள் பார்ப்பதே இதைத்தான்.

பிறகு பல். உதட்டை விலக்கி ஒரு பல்லை உற்றுப் பாருங்கள். ஓங்கிலின் பல் கூம்பாக, முனை கூராக இருக்கும். கடற்பன்றியின் பல் பக்கவாட்டில் தட்டையாகி, நுனி மண்வெட்டி இலைபோல் விரிந்திருக்கும். வேறு எல்லா அடையாளமும் அழுகிப் போனாலும் பல் மிஞ்சும். அதனால் பல்லின் படம் இல்லாமல் கரையை விட்டு வராதீர்கள்.

நிறத்திலும் ஏமாறாதீர்கள். கடற்பன்றி உயிரோடு இருக்கும்போது சாம்பல் நிறம். இறந்தபின் கறுத்துவிடும்.

8. ஓங்கில் என்றால் எந்த ஓங்கில்?

பற்களை எண்ணுவதுதான் இங்கே பெரிய ஆயுதம். ஒரு தாடையின் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். விழுந்த பல்லின் குழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பென்சில் நுனியை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினால் தவறாது.

ஒரு பக்கத்தில் 40-க்கும் மேல் நுண்ணிய பற்கள் என்றால் சுழல் ஓங்கில் அல்லது ‘சாதாரண ஓங்கில்’ (காமன் டால்பின்) என்ற இனத்தின் பக்கம் போகலாம். இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. வாயைத் திறந்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். இருபுறமும் பல் வரிசைக்கு உள்பக்கமாக ஆழமான நீளப் பள்ளம் ஓடினால் அது சாதாரண ஓங்கில். சுழல் ஓங்கிலில் அந்த ஆழம் இருக்காது. தோல் முழுக்க உரிந்த உடலில்கூட இது தெரியும். கைபேசி விளக்கைப் போட்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கத்தில் இருபதுக்கும் சற்று மேல், பருத்த உடல், குட்டையான தடித்த அலகு என்றால் புட்டிமூக்கு ஓங்கில். நம் கரையோரம் அதிகம் தென்படும் இந்தோ-பசிபிக் இனத்தில் வளர்ந்தவற்றின் வயிற்றில் கரும்புள்ளிகள் இருக்கும். அலகே இல்லாமல், உடல் முழுக்க வெள்ளைக் கீறல் தழும்புகளோடு, மேல்தாடையில் பல் இல்லாமல், கீழ்த்தாடையில் மட்டும் சில பற்கள் இருந்தால் ரிஸ்ஸோ ஓங்கில். நெற்றியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் இருக்கும், அதுவும் உறுதியான அடையாளம்.

கறுப்பு நிறமும் வட்டத் தலையும் கொண்டவைதான் தலைவலி. தலை உருண்டு, முதுகுத் துடுப்பு அகன்ற அடியோடு உடலின் முன்பகுதியில் இருந்தால் பைலட் திமிங்கிலம். பக்கத் துடுப்பின் முன்விளிம்பு நடுவில் முழங்கை மடித்ததுபோல் புடைத்திருந்தால் பொய்க் கொலைகாரத் திமிங்கிலம். அந்தப் புடைப்பு இல்லாத சிறிய உடல் என்றால் பல்லை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் 20-க்கும் மேல் என்றால் முலாம்பழத் தலைத் திமிங்கிலம், 13-க்குள் என்றால் குள்ளக் கொலைகாரத் திமிங்கிலம். பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் இந்த நான்கும் ஓங்கில் குடும்பமே.

திமில் ஓங்கிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014-ல் இந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். முதுகில் பெரிய திமிலோடு கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் சூசா பிளம்பியா ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரை வரை பரவியிருக்கிறது. திமில் எடுப்பாக இல்லாமல், வயதாக ஆக இளஞ்சிவப்பாகும் சூசா சைனென்சிஸ் கிழக்கே தென்கிழக்காசியப் பக்கம். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பது வங்காள விரிகுடாப் பகுதியில் இன்னும் தீராத கேள்வி. நம் கிழக்குக் கரையில் ஒதுங்கும் ஒவ்வொரு திமில் ஓங்கிலும் அதனால்தான் மதிப்பு மிக்கது. நீங்கள் ‘சூசா பேரினம், இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. தவறான பெயரைத் துணிந்து எழுதுவதைவிட அது ஆயிரம் மடங்கு பயன்.

அலகுத் திமிங்கிலம் ஒதுங்கினால் உடனே ஆய்வு நிலையத்துக்குச் சொல்லுங்கள், புதைப்பதைத் தள்ளிப்போடக் கெஞ்சியாவது கேளுங்கள். அடையாளம் எளிது: தொண்டையில் ஆங்கில ‘வி’ வடிவில் இரண்டே பள்ளங்கள், வால் இதழ்களுக்கு நடுவே பிளவு இல்லாத நேர்விளிம்பு. இவை ஆழ்கடலில் வாழ்பவை, உயிரோடு பார்த்தவர் மிகக் குறைவு. 1963 ஜனவரியில் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் ஒதுங்கிய ஒரே ஒரு அலகுத் திமிங்கிலத்தைப் பார்த்து, அது புதிய இனம் என்று அறிவித்தார் இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல. பிறகு அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014-ல் மரபணு ஆய்வில் அவர் சொன்னது சரி என்று நிரூபணமாகி, மெசோப்ளோடான் ஹோட்டாவுலா என்ற பெயர் மீண்டும் நிலைபெற்றது. அன்று அந்த எலும்பை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் இந்த இனத்தின் கதை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

9. அளவும் படமும்

வனத்துறை ஆள் வந்து அனுமதி சொன்ன பிறகுதான் உடலைத் தொட்டு அளக்க வேண்டும். அதற்கு முன் தள்ளி நின்று படம் மட்டும் எடுக்கலாம்.

மொத்த நீளம் என்பது மேல்தாடை நுனியிலிருந்து வால் இதழ்களின் நடுப்பிளவு வரை நேர்கோட்டில். நாடாவை உடலின் வளைவின் மேல் படுக்கவைத்து அளந்தால் நீளம் கூடுதலாக வரும், அந்த எண் எதற்கும் உதவாது. உடலுக்கு இணையாக மணலில் நாடாவை விரித்து, இரு முனைகளிலும் குச்சி நட்டு அளப்பது எளிது. அடுத்து பக்கத் துடுப்பின் நீளம், முதுகுத் துடுப்பின் உயரம், வால் இதழ்களின் மொத்த அகலம்.

படங்கள்: இடப்பக்கம் முழு உடல், வலப்பக்கம் முழு உடல், தலை பக்கவாட்டிலும் மேலிருந்தும், வாய், பல், முதுகுத் துடுப்பு, பக்கத் துடுப்பு, வால், வயிறு. ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். யாரையாவது உடல்மேல் சாய்ந்து நிற்கச் சொல்லி எடுக்கும் படம் அளவுக்கு உதவாது, உயிருக்கும் அது மரியாதை இல்லை.

ஆணா பெண்ணா என்பது வயிற்றுப் பக்கம் தெரியும். பிறப்புறுப்புப் பிளவும் மலவாயும் கிட்டத்தட்ட ஒட்டி, இருபுறமும் சிறிய பால்பிளவுகளோடு இருந்தால் பெண். இரண்டுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தால் ஆண்.

உடலின் நிலையை 1 முதல் 5 வரை எண்ணால் குறிப்பார்கள். உயிரோடு இருந்தால் 1, புதிதாக இறந்தது 2, ஓரளவு அழுகியது 3, மிக அழுகியது 4, காய்ந்த தோலும் எலும்பும் மட்டும் என்றால் 5. வலை வெட்டிய தடம், விசிறி வெட்டு, கயிற்றுத் தழும்பு எதுவாக இருந்தாலும் கிட்டத்தில் படம் எடுத்துக் குறிப்பில் எழுதுங்கள். சாவுக்கான காரணத்தை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம். அது உடற்கூறாய்வு செய்யும் கால்நடை மருத்துவரின் வேலை.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் மூலக் கோப்பை இணையுங்கள். இந்த ஒரு காரணத்தால் பயனில்லாமல் போன நல்ல படங்கள் ஏராளம்.

10. காகிதங்கள்: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த விலங்குகள் வருகின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. இறந்த உடலும் அரசின் சொத்துதான். பல், எலும்பு, சல்லடைத் தகடு எதையும் நினைவுப்பொருளாக எடுத்து வரக்கூடாது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் அது. ஏதோ ஒரு வகையில் உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. அம்பர்கிரிஸ் என்ற திமிங்கில எச்சத்துக்கும் இதே எச்சரிக்கைதான். கோடிக்கணக்கில் விலை போகும் என்று ஆசை காட்டுபவர்களிடம் சிக்காதீர்கள்.

பார்ப்பதற்கும், படம் எடுப்பதற்கும், தகவல் சொல்வதற்கும் அனுமதிக் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தேசியப் பூங்காத் தீவுகளுக்குள் போவதானால் மட்டும் முன் அனுமதி வேண்டும்.

கல்லூரி அருங்காட்சியகத்துக்கு மண்டை ஓடோ எலும்புக்கூடோ வேண்டும் என்றால் 12-ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெற வேண்டும். தனிநபராக விண்ணப்பிப்பது வீண். நிறுவனத் தலைவரின் கடிதம், எதற்காக வேண்டும் என்ற விளக்கம், பொறுப்பாசிரியரின் தகுதி விவரம், எங்கே எப்படிப் பாதுகாக்கப் போகிறீர்கள் என்ற குறிப்பு, ஒதுங்கிய சம்பவத்தின் பதிவு ஆகியவற்றோடு மாவட்ட வன அலுவலகம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போக வேண்டும். முதல் அட்டவணை விலங்கு என்பதால் மத்திய அரசின் ஒப்புதலும் சேரும். மாதக்கணக்கில் ஆகும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் உடல் என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். புதைக்கும்போது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டு, அலையேற்றக் கோட்டுக்கு மேலே புதைக்கச் சொல்லிக் கேளுங்கள். சதை மண்ணில் மக்கிய பிறகு, அனுமதி கையில் இருந்தால் எலும்பைத் தோண்டி எடுக்கலாம்.

தோல் மாதிரி எடுப்பதும் உங்கள் வேலை இல்லை. கால்நடை மருத்துவரிடமோ ஆய்வாளரிடமோ ‘மரபணுவுக்கு மாதிரி எடுத்தீர்களா?’ என்று நினைவூட்டுங்கள், அது போதும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி அனுமதியும், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் தேவைப்படும். அது நிறுவனங்கள் செய்யும் காரியம்.

ஒதுங்கிய உயிரைக் கையாளும் முறை பற்றி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதைத் தரவிறக்கிக் கைபேசியில் வைத்திருங்கள். ‘இதெல்லாம் எதற்கு?’ என்று யாராவது கேட்டால் அதைத் திறந்து காட்டலாம். பல இடங்களில் அது எனக்கு உதவியிருக்கிறது.

11. பதிவை எங்கே அனுப்புவது?

அன்றிரவே உட்கார்ந்து குறிப்பைச் சுத்தமாக எழுதுங்கள். ஒரு பிரதி வனச்சரகத்துக்கு. ஒரு பிரதி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு, இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரில் அதன் மண்டல நிலையம் இருக்கிறது. மூன்றாவது, இந்தியக் கடல் பாலூட்டிகள் ஆய்வு மற்றும் பாதுகாப்பு வலையமைப்பின் இணையத் தரவுத்தளத்துக்கு. ஒதுங்கியவை, கடலில் கண்டவை இரண்டையும் பொதுமக்கள் அங்கே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை.

குறிப்பில் நீங்கள் பார்த்ததையும் நீங்கள் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘மேல்தாடை இடப்பக்கம் 52 பற்கள், அண்ணத்தில் ஆழப் பள்ளம் இல்லை’ என்பது பார்த்தது. ‘சுழல் ஓங்கிலாக இருக்கலாம்’ என்பது ஊகம். நாளை வகைப்பாடு மாறினாலும் முதல் வரி மாறாது.

வலையில் சிக்கி இறந்த விலங்கு என்றால் படகின் பதிவு எண்ணும் மீனவர் முகமும் தெரியும் படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அந்த விவரம் அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் மட்டும் போகட்டும். ஒருமுறை அவமானப்பட்ட மீனவர் அடுத்தமுறை யாருக்கும் சொல்லாமல் கடலிலேயே விட்டுவிடுவார். நமக்கு வரும் தகவலில் பெரும்பகுதி அவர்களிடமிருந்துதான் வருகிறது.

பதில் உடனே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தேதியும் இடமும் தலைப்பில் போட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். இனம் உறுதியானதும் அதை வனச்சரகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் கோப்பில் முதல்நாள் எழுதிய பெயர் அப்படியே இருக்கும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு: இனம் காணும் படிகள் எல்லாம் அப்படியே பொருந்தும், கடல் ஒன்றுதானே. அங்கே முதலில் தெரிவிக்க வேண்டியது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு, ஆய்வுக்கு நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறு பைலட் திமிங்கிலங்கள் அளவில் ஒதுங்கியபோது கடற்படையினரும் ஊர் மக்களும் இரவெல்லாம் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் பிரதேச வனசீவராசிகள் அலுவலக எண்ணை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.